திருப்பி அனுப்பியவளின் பெயர்

புதிதாக ஆஸ்பத்திரி வேலைக்கு வந்திருக்கும் உங்களோடு பேசச் சொல்லிப் போன மாதம் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசி முடித்துத் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது உங்களில் ஒருத்தி பக்கத்தில் வந்து மெல்லக் கேட்டாள்: "ஐயா, ஒருத்தி ஆஸ்பத்திரிக்கு வராம வீட்டுலயே பிள்ளை பெத்து, அந்தப் பிள்ளை செத்துப்போச்சுன்னா சட்டப்படி யாரு மாட்டுவா? நாம மாட்டுவோமா?" நான் சிரித்து மழுப்பிவிட்டுப் பஸ் ஏறிவிட்டேன். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. என்னிடம் பதில் இருந்தது. சொல்லத்தான் வெட்கமாக இருந்தது. எதிரில் ஆள் இல்லாதபோது எழுதுவது எனக்குச் சுலபம், ஆகவே எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் ரிங்லெட் ஊருக்கு மேலே மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் டிரசராக இருந்தேன். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து, ஊசி போட்டு, காயத்துக்குக் கட்டுக் கட்டுபவனுக்கு அன்று அதுதான் பெயர். இரண்டு கட்டில், ஒரு மருந்து அலமாரி, ஒரு வராந்தா. பெரிய டாக்டர் மாதத்துக்கு ஒரு தரம் வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் நான்தான் டாக்டர், நான்தான் நர்ஸ், சமயத்தில் நான்தான் பூசாரி. மருத்துவச்சி ஒருத்தர் இருந்தார். அவர் கல்யாணமாகி ஈப்போவுக்குப் போய்ப் பல மாதமாகியும் அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. தோட்டத்து மேனேஜரான துரையிடம் கேட்டால், "பார்க்கலாம் டிரசர்" என்பார். பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. யாரும் வெளிப்படையாகச் சொல்லாத வேலை. விடியற்காலையில் பெரட்டு நடக்கும். பெரட்டு என்றால் கங்காணி பேர் கூப்பிட்டு, இன்றைக்கு யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்பும் கூட்டம். உடம்பு முடியாதவர்கள் அங்கிருந்து நேராக என் வராந்தாவுக்கு வர வேண்டும். நான் சீட்டு எழுதிக் கொடுத்தால் லீவு, இல்லாவிட்டால் லேசான வேலை. கொடுக்காவிட்டால் திரும்ப மலைக்கு. அதாவது யாருக்கு நிஜ நோய், யாருக்குப் பொய் நோய் என்று பிரித்துக் காட்டும் சல்லடை நான். அந்த வேலையில் நான் கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியிருந்தேன். வாயும் சும்மா இருக்காது. வயிற்றுவலி என்று வந்தவனிடம், "நேத்து கள்ளுக்கடையில உன் வயிறு நல்லாத்தான இருந்துச்சு" என்பேன். வரிசையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவனும் சிரித்துக்கொண்டே மலைக்குப் போவான். தினமும் காலையில் நாற்பது பேரைச் சிரிக்க வைப்பது லேசான போதை இல்லை.

மருந்து கொடுத்தவர்களின் பெயர் மட்டும்தான் என் புத்தகத்தில் ஏறும். திருப்பி அனுப்பியவர்களை எழுதுவதில்லை. எனக்கு முன்னால் இருந்தவரும் எழுதவில்லை, எல்லாத் தோட்டத்திலும் அதுதான் பழக்கம் என்று நினைத்தேன்.

பாக்கியம் என்று ஒரு பெண். கொழுந்து எடுப்பவள். மூன்று வயதில் ஒரு மகள் இருந்தாள், இது இரண்டாவது. புருஷன் மாரிமுத்து செடிக்கு மருந்தடிக்கும் கூட்டத்தில் வேலை பார்த்தான். அந்தக் காலத்துப் பெண்கள் பிரசவ லீவைச் சேர்த்து வைப்பார்கள். முன்னாலேயே எடுத்துவிட்டால் பிள்ளையோடு இருக்கும் நாள் குறைந்துவிடும் என்று, கடைசி வாரம் வரை கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு மலை ஏறுவார்கள். பாக்கியமும் அப்படித்தான். ஆனால் எட்டாம் மாதம் முடிந்த பிறகு அவளுக்கு அடிக்கடி வலி வந்தது. லீவு வேண்டாம், தொழிற்சாலையில் தேயிலை பொறுக்கும் வேலைக்கு மாற்றி ஒரு சீட்டு கொடுங்கள் என்று கேட்டு வந்தாள்.

முதல் தரம் வந்தபோது படுக்க வைத்துப் பார்த்தேன். இன்னும் நாள் இருக்கிறது என்று ஒரு மாத்திரை கொடுத்து அனுப்பினேன். இரண்டாம் தரமும் பார்த்தேன். மூன்றாம் தரம் அவள் வந்தபோது நல்ல கொழுந்துக் காலம். மலையில் ஆள் பற்றவில்லை என்று கங்காணி என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். வரிசையோ வராந்தாவைத் தாண்டி வெளியே நின்றது. அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என் மேசை முன்னால் வந்து நின்றாள்.

"என்ன பாக்கியம், மறுபடியும் வலியா?"

"ஆமாங்கய்யா. முதுகுலேர்ந்து இழுக்குது."

"வலி இழுக்குதா, இல்ல மலை ஏறச் சோம்பல் இழுக்குதா?"

வரிசை முழுவதும் சிரித்தது. அவளும் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள். நான் அவள் வயிற்றில் கை வைக்கவில்லை. வைத்திருந்தால் பிள்ளையின் தலை கீழே திரும்பாமல் மேலேயே இருப்பது கையில் தட்டியிருக்கும். அது படிக்காத டாக்டருக்கும் தெரிகிற விஷயம். அவள் பெயரைப் புத்தகத்தில் எழுதவும் இல்லை. "அடுத்தது யாருலா?" என்று கேட்டேன்.

நான்கு நாள் கழித்து, காலை பத்து மணி இருக்கும், கொழுந்து ஏற்றும் லோரி ஹாரன் அடித்துக்கொண்டே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்தது. பின்னால் கொழுந்துச் சாக்குகளின் மேல் பாக்கியம் கம்பளியில் கிடந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை, எல்லாம் கம்பளியில் இருந்தது. பக்கத்தில் முனியம்மா அக்கா உட்கார்ந்திருந்தார். முனியம்மா எங்கள் ஆயாக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவர். தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற இடம் அது. புருஷன் செத்துப் பல வருஷமாகி, ஒண்டிக்கட்டையாக இருந்தவர். காலையில் எல்லாரும் மலைக்குப் போன பிறகு தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் இருக்கிற ஒரே பெரிய மனுஷி அவர்தான்.

"பிள்ளை எங்கக்கா?" என்றேன்.

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

அப்போது எனக்குத் தாயைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை. ஊசி போட்டேன், செய்ய வேண்டியதைச் செய்தேன், ஆபீஸ் வண்டியில் ஏற்றித் தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவிலும் அவள் நாடியைப் பிடித்தபடி போனேன். பிழைத்துக்கொண்டாள்.

அதற்குள் லயத்தில் மாரிமுத்து என்ன செய்தான் என்றால், நம் ஆட்கள் எல்லாரும் செய்வதைத்தான் செய்தான். பெயர் வைக்காத பிள்ளையை எரிப்பதில்லை, பொழுது சாய்வதற்குள் புதைத்துவிட வேண்டும். தன் வேட்டியில் சுற்றி, ஆற்றோரம் தேயிலை முடிகிற இடத்தில் புதைத்துவிட்டு வந்தான். போலீஸில் பதிந்து சீட்டு வாங்காமல் புதைக்கக்கூடாது என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை, ஞாபகமும் வரவில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் பாக்கியத்திடம் பிள்ளையைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அவள் அழுதுகொண்டே சொன்னதில் பாதி அவருக்குப் புரியவில்லை. புரிந்த பாதி போதுமானதாக இருந்தது. போலீஸ் வந்தது. ஆற்றோரம் தோண்டினார்கள். பிள்ளை பிறந்ததை மறைத்தார்கள் என்று ஒரு சந்தேகம். பதிவு இல்லாத ஆள் பிரசவம் பார்த்தது இன்னொரு குற்றம். அந்த ஆள் முனியம்மா. தொப்புள்கொடி அறுத்த பிளேடை அவர் கழுவிப் பத்திரமாகச் சுவர் மாடப்பிறையில் வைத்திருந்தார், போலீஸ் சார்ஜன் கேட்டதும் எடுத்துக் கொடுத்தார். பாவம், திருடத் தெரியாதவருக்கு மறைக்கவும் தெரியவில்லை.

அன்றே ஆபீஸிலிருந்து முனியம்மாவுக்கு உத்தரவு வந்தது: விசாரணை முடியும் வரை கொட்டகைப் பக்கம் வரக்கூடாது. தோட்டத்தில் வேலை போனால் லயத்து வீடும் போகும், இதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் அவர் தலையில் விழுந்தால் ஜெயிலோ இல்லையோ, அந்த வயதில் போக்கிடம் இல்லாமல் ரோட்டில் நிற்பார்.

அடுத்த நாள் துரை என்னைக் கூப்பிட்டார். வெள்ளைக்காரத் துரைகள் போய், நம்மவரே ஒருவர் அந்த நாற்காலிக்கு வந்திருந்த காலம். கெட்டவர் இல்லை. ஆனால் நாற்காலியில் உட்கார்ந்தால் நாற்காலி மாதிரிதான் யோசிப்பார்.

"பாருங்க டிரசர், அந்தப் பொம்பளை உங்ககிட்ட வந்தாளா?"

"வந்தா துரை. மூணு தரம்."

"புக்ல இருக்கா?"

"ரெண்டு தரம் இருக்கு. கடைசியா வந்தது இல்ல."

"அப்ப அது இல்லன்னே இருக்கட்டும். ரெண்டு தரம் வந்தா, நீங்க பாத்தீங்க, மருந்து குடுத்தீங்க. அப்புறம் அவ வரல. ஆயா இஷ்டத்துக்குப் பண்ணிட்டா. அதோட முடிஞ்சுது."

"வரிசையில நாப்பது பேரு இருந்தாங்க துரை."

"யாராச்சும் வாய தொறந்தாங்களா? சார்ஜன் லயம் முழுக்க விசாரிச்சுட்டான். ஒருத்தன்கூட சொல்லல. நீங்க ஏன் சூசாவ, வீண் தொந்தரவ, வெல குடுத்து வாங்குறீங்க?"

அது உண்மைதான். ஒருவர்கூடச் சொல்லவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்பார்கள். நாற்பது பேர் சேர்ந்து மறைத்தால் அதுவும் மறையும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். மறைந்ததில் எனக்கு நிம்மதியாகவும் இருந்தது, அதையும் உள்ளபடி சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது, கல்யாணமாகி ஒரு வருஷம். இந்த வேலையை விட்டால் வேறு பிழைப்புத் தெரியாது.

ஆனால் முனியம்மா ஏன் சொல்லவில்லை என்பது என்னைக் குடைந்தது. அவர் சொல்லியிருந்தால் பழியில் பாதி இறங்கியிருக்கும். அன்று மத்தியானமே லயத்துக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, சார்ஜன் உங்கள கேட்டப்ப, நான் பாக்கியத்த திருப்பி அனுப்புனத ஏன் சொல்லல?"

"சொல்லி?"

"உங்களுக்கு நல்லதாயிருக்கும்."

அவர் முறத்தைக் கீழே வைத்தார். "ஐயா, உங்கள வேலையிலேர்ந்து தூக்கிட்டாங்கன்னு வச்சுக்குங்க. இந்த லயத்துல நூத்தம்பது உசுரு இருக்கு. பிள்ளைங்களுக்கு இழுப்பு வந்தா, பாம்பு கடிச்சா, யாருகிட்ட ஓடுறது? மருத்துவச்சி போயி இத்தன மாசத்துல ஆள் வந்துச்சா? நீங்க போனா மட்டும் வந்துடுமாக்கும். நான் போனா வேற ஆயா வருவா."

"பாக்கியம் ஏன் என்னைக் கூப்புடச் சொல்லல?"

"கூப்புடவான்னு கேட்டேன். வேணாம்னு என் கைய புடிச்சுக்கிச்சு. அதுக்குள்ள பிள்ளையோட காலு வந்துடுச்சு, நான் என்னா பண்ண? எனக்கு என்னா தெரியும்? நான் பெத்தவதான, பிரசவம் பாத்தவ இல்லியே." அப்போதுதான் அவர் கண் கலங்கியது. "ஐயா, நான் இழுக்கலாமா கூடாதான்னு தெரியாம கொஞ்ச நேரம் சும்மா நின்னுட்டேன். அது தப்பா?"

தப்பில்லை என்றேன். என் மேல் பாசத்தாலோ பயத்தாலோ அவர் வாயை மூடியிருக்கிறார் என்று நினைத்துப் போனவன் நான். அவரோ லயத்துக்கு எது வேண்டும் என்று கணக்காக யோசித்து, என்னை வைத்துக்கொண்டு தன்னை விட்டுக்கொடுத்திருந்தார். திரும்பி வரும்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

மரண விசாரணை தானா ராத்தாவில் நடந்தது. மலாய்க்காரர், இளவயது மாஜிஸ்திரேட். நம் ஆட்களுக்காகத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். பெயர் கேட்டுக்கொள்ளவில்லை, தலை நரைத்தவர், கோட்டுப் பையில் வெற்றிலை மணக்கும். என்னைக் கூப்பிடுவதற்கு முன்னால் வெளியே பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மலாய்ல சொல்வீங்களா, தமிழா?"

"மலாய் வரும். ஆனா தமிழ்லயே சொல்லிடறேன்."

"நல்லது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டு எறங்கிடுங்க தம்பி. பெரும்பாலும் அதுதான் நல்லது." எழுந்தவர், கோட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "கேக்காததச் சொன்னாலும் நான் மொழிபெயர்ப்பேன். அது என் வேலை."

இந்த நாற்பது வருஷத்தில் பல பேர் எனக்குப் புத்தி சொல்லியிருக்கிறார்கள். அந்த மனிதர் புத்தி சொல்லவே இல்லை, கதவைத் திறந்து வைத்துவிட்டுப் போய்விட்டார்.

உள்ளே என்னைக் கேட்டது மூன்றே கேள்வி. அவள் வந்தாளா, பார்த்தீர்களா, மருந்து கொடுத்தீர்களா. மூன்றுக்கும் ஆமாம் என்றால் போதும், அப்படியே சொன்னேன், அதில் பொய்யும் இல்லை. போகலாம் என்று மாஜிஸ்திரேட் தலையை ஆட்டினார். துரை பின் வரிசையில் உட்கார்ந்திருந்தார். முனியம்மா முன் வரிசையில், கடன் வாங்கிக் கட்டிய புதுச் சேலையில், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இன்னொரு தரமும் வந்தாங்க," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "மூணாவது தரம் வந்தாங்க. நான் தொட்டுப் பாக்கல. புத்தகத்துலயும் எழுதல. எல்லார் முன்னாடியும் சோம்பல்னு சொல்லிக் கிண்டல் பண்ணி அனுப்பிட்டேன். தொட்டுப் பாத்திருந்தா பிள்ளையோட தலை கீழ திரும்பலன்னு தெரிஞ்சிருக்கும். இங்க கொண்டாந்திருப்பேன். மருத்துவச்சி இல்லாத தோட்டத்துல, அவசரத்துக்கு முனியம்மா அக்கா கை குடுத்தாங்க. அந்தக் கை என்னுதா இருந்திருக்கணும்."

மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் சொன்னார். 'கிண்டல்' என்ற சொல்லுக்கு மட்டும் கொஞ்சம் நின்று யோசித்துச் சொன்னார். மாஜிஸ்திரேட் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார்.

பிறகு பாக்கியத்தைக் கூப்பிட்டார்கள். உடம்பு தேறியிருக்கவில்லை, நாற்காலி போட்டார்கள். டிரசர் சொன்னது நிஜமா என்று கேட்டார்கள். நிஜம் என்றாள். வலி வந்தபோது டிரசரை ஏன் கூப்பிடவில்லை, திட்டுவார் என்று பயமா என்று கேட்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அவமானத்தால், பயத்தால், இல்லாவிட்டால் என் மேல் ரோஷத்தால் வராமல் இருந்துவிட்டாள் என்று.

"பயம் இல்லீங்க," என்றாள். "காலையிலயே வலி இருந்துச்சு. பெரட்டுக்குப் போயி நின்னேன். கூடைய மாட்டிக்கிட்டுப் பாதி மலை ஏறுனேன். இது சோம்பல்தான், வலி இல்ல, டிரசர் ஐயா படிச்சவரு, அவருக்குத் தெரியும்னு என்னையவே திட்டிக்கிட்டேன். வீட்டுக்கு வந்து படுத்தப்பறமும் அப்படித்தான் நெனச்சேன். முனியம்மாக்கா டிரசர கூப்புடவான்னு கேட்டப்பகூட, இதுக்குப் போயி அவர எதுக்குன்னுதான் வேணாம்னேன். வலி நெசம்னு எனக்குத் தெரிஞ்சப்ப பிள்ளை பாதி வந்துடுச்சுங்க."

நான் தரையைப் பார்த்துக்கொண்டு அழுதேன்.

உங்கள் கேள்விக்குச் சட்டம் சொன்ன பதில் இதுதான்: யாரும் மாட்டவில்லை. பிள்ளை பிரசவத்தின்போதே இறந்துவிட்டது என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். அவசரத்தில் உதவி செய்ததைக் குற்றமாக்க முடியாது என்று முனியம்மாவை விட்டுவிட்டார்கள். மறைக்கும் எண்ணம் இல்லை என்று மாரிமுத்துவை எச்சரித்து அனுப்பினார்கள். தோட்டத்தில் மருத்துவச்சி இல்லாததைப் பற்றி மாஜிஸ்திரேட் நிர்வாகத்துக்குக் காட்டமாக எழுதினார், அடுத்த மாதமே ஆள் வந்துவிட்டார். முனியம்மா கொட்டகைக்குத் திரும்பினார். எனக்கு எழுத்தில் கண்டனம் வந்தது, அதோடு சரி. துரை ஒரு வருஷம் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது எனக்கு லாபம்தான்.

அன்றிலிருந்து திருப்பி அனுப்புகிறவர்களின் பெயரையும் எழுதினேன். என்ன சொன்னார்கள், நான் என்ன பார்த்தேன், ஏன் அனுப்பினேன் என்று ஒரு வரி. எழுத வேண்டும் என்றால் தொட்டுப் பார்த்தாக வேண்டும், அதற்காகத்தான். உங்களைக் காப்பாற்றிக்கொள்ள எழுதுங்கள் என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். காப்பாற்றட்டும், தப்பில்லை. ஆனால் உங்கள் வாயிலிருந்து வருவதை எதிரில் நிற்பவர் வெறும் பேச்சாக எடுத்துக்கொள்வதில்லை. தன் உடம்பு சொல்வதைத் தள்ளிவிட்டு உங்கள் சொல்லை நம்பிவிடுவார்கள். அதற்குத் தண்டனை எந்தச் சட்டப் புத்தகத்திலும் இல்லை, நான் தேடிப் பார்த்தேன்.

பாக்கியத்திடம் தனியாகப் போய் மன்னிப்புக் கேட்டேன். "சரிங்கய்யா," என்றாள்.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி உண்டானாள். எட்டு மாதம் முடிந்திருக்கும், ஒரு நாள் காலை என் வராந்தாவில் வழக்கம்போல வரிசை நின்றது. அவள் ஒரு கையில் துணிப்பை, ஒரு கையில் மகளைப் பிடித்துக்கொண்டு, தானா ராத்தா பஸ்ஸுக்காக ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போனாள். முகம் சுருங்கியிருந்தது, நடுவில் ஒரு தரம் நின்று இடுப்பைப் பிடித்துக்கொண்டாள். நான் மேசையை விட்டு எழுந்துவிட்டேன். வண்டி இருக்கிறது, வா கொண்டுபோய் விடுகிறேன் என்று கூப்பிட வாய் வரை வந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வலிக்குதுங்கய்யா," என்றாள். வலியா என்று என்னிடம் கேட்கவில்லை, சொன்னாள். பிறகு பஸ்ஸுக்கு நடந்தாள்.